என் மகளின் பாட்டுக்காக நான் இறந்த விவரம்

பிஷ்கெக், செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய சாய்ராகுல் அக்காவுக்கு, தம்பி ரிஸ்கெல்தி பணிவுடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி குறைந்து, ஆடுகளும் மலையிலிருந்து சேதமில்லாமல் இறங்கியிருக்கும் என நம்புகிறேன். இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். நேற்று மாலை போன் செய்தபோது உங்கள் மகனின் மனைவி, "செத்த மனுசன் குரல்ல பேசி விளையாடுறியா, வெளங்குவியா நீ?" என்று வைத்துவிட்டாள். என் கையெழுத்தையாவது நம்புவீர்கள் என்று உங்கள் நாரின் ஊருக்குப் போகும் வேன் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். நம் பெகாயிமின் ராக் இசைக்குழுவில் மூன்று பெண்கள், இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், எல்லாருக்கும் கறுப்பு உடை. புதிதாக ஒரு பாட்டு வெளியிடுகிறார்கள். பெயர் 'சத்தம் போடாதே'. மூன்றரை நிமிடமும் சத்தம்தான். அதற்கு வீடியோ எடுக்க எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். நகரத்து முற்றத்தில் கூடாரம் எழும்பினால் அந்த வீட்டில் சாவு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. நானோ சந்தைக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாடி குல்பாரா இறங்கி வந்து "அப்பா எங்கேம்மா?" என்று கேட்க, சுருதி சேர்த்துக்கொண்டிருந்த பெகாயிம் தலை நிமிராமல் "அப்பா இல்லக்கா" என்றிருக்கிறாள். உடனே குல்பாரா உங்களுக்கும் தம்பி கச்கின்பாய்க்கும் போன் போட்டு, அண்டா வந்து, மாவு வந்து, சாவு வீட்டுப் போர்சோக் உருண்டைகள் எண்ணெயில் பொரியவும் ஆரம்பித்துவிட்டன. அக்கம்பக்கத்தார் உதவிக்கு நடிக்க வந்திருப்பதாக நினைத்து, "எவ்வளவு நல்லா அழுவுறாங்க பாரு!" என்று டிரம்ஸ் பெண் சந்தோஷப்பட்டாளாம்.

நான் இரண்டு கிலோ வெங்காயத்தோடு திரும்பினேன். கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் யார் போனது என்று விசாரித்தேன். "ரெண்டாம் மாடி ரிஸ்கெல்தி. நல்ல மனுசன், கொஞ்சம் கஞ்சன்" என்றார். நான் வாதாடவில்லை. துக்கத்துக்கு வருபவர்களை வாங்கும் ஆண்கள் வரிசையில் போய் நின்றுகொண்டேன். அப்போது தொக்மோக்கிலிருந்து நம் தம்பி கச்கின்பாய் வந்து இறங்கினான். தன் மகன் கல்யாணப் பந்தியில் மூத்தவனுக்குரிய ஆட்டெலும்பை வைக்காமல், சின்னவர்களுக்கு வைக்கும் எலும்பை அவன் என் முன்னால் வைத்ததிலிருந்து ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. வாசலிலிருந்தே, "ஐயோ அண்ணா! முழு ஆட்டையே ஒனக்கு வச்சிருக்கணுமே, பாவி நான்!" என்று கதறிக்கொண்டு, முறைப்படி ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்றாவது ஆள் நான். என் தோளில் முகத்தைப் புதைத்து, "நம்ம அண்ணன் போயிட்டாரே!" என்றான்.

"கேள்விப்பட்டேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "சாகலியா நீ?"

"வெங்காயம் வாங்கப் போனேன்டா."

"அதை ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா? ஒம்பது வருசமா!"

பிறகு இருவரும் என் சாவுக்குச் சுட்ட போர்சோக்கைச் சாப்பிட்டோம். இருட்டும்வரை அவன் என் சட்டைக் கையை விடவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பாட்டு வீடியோவின் கடைசி நிமிடம் முழுக்க நாங்கள் இருவர்தான் என்கிறாள் பெகாயிம்.

ஆகவே தாங்கள் புறப்பட வேண்டாம். என் சாவு விருந்துக்கென்று குதிரையையும் அறுக்க வேண்டாம். தங்கள் ஆயுள் என்னுடையதைவிடத் திடமாக நீள வேண்டுகிறேன்.

பணிவன்புடன்,
ரிஸ்கெல்தி

பி.கு.: ஓட்டுநர் கடிதத்தை வாங்க மறுக்கிறார். இங்கே வரும் வழியில் கொச்கோர் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உங்களைப் பார்த்தாராம். இரண்டு வண்டி, பதினொரு பேர், ஒரு குதிரை. இனி நேரில்தான் தர வேண்டும். விஷயம் கேட்ட பெகாயிம் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. இறங்கியதும் எப்படி வேண்டுமானாலும் அழுங்கள், கேமராவை மட்டும் பார்க்க வேண்டாம் என்கிறாள்.