கத்தரியைத் தொடாத ரோஜாப்பூ சார்

கதிரு, செல்வி, போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். நேற்று உங்கள் அத்தை ஆடிய வீடியோவை இரண்டு பேரும் பத்து செகண்டாக வெட்டி வைத்துக்கொண்டு சிரித்தீர்களே, அப்போதே எனக்கு ரோஜாப்பூ சார் ஞாபகம் வந்துவிட்டது. உலகத்திலேயே கத்தரிக்குப் பயந்த எடிட்டர் அவர் ஒருத்தர்தான்.

கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். நிஜப் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது வருமுன் திரை நடுவில் ஒரு ரோஜா மொட்டு விரியும். தாலி கட்டினாலும் ரோஜா, பந்தியில் ரசம் ஊற்றினாலும் ரோஜா. நான் வாட்ச்மேனாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுக்க, பெரிய டீச்சர் அவரைச் சனிக்கிழமைதோறும் வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர் ரூம் சாவி என்னிடம். அதனால் எட்டாவதோடு நின்ற நானும் கடைசி பெஞ்சில் ஒரு மாணவன்.

சும்மா சொல்லக் கூடாது, பாடம் நன்றாகத்தான் நடத்தினார். "இதான் டைம்லைன். பந்தின்னு வச்சிக்கிடுங்க. மேல் வரிசையில படம், கீழ் வரிசையில சத்தம். ரெண்டுக்கும் சேத்து எலை போடணும். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ண விட்டா சண்டை வந்துரும்."

"சார், இந்தக் கத்தரி படம் எதுக்கு?"

"அதத் தொடப்பிடாது."

"பெறகு எதுக்கு சார் வச்சிருக்கான்?"

"ஏலே, வீட்டுல அருவா இருக்குன்னா எல்லாரையும் வெட்டிக்கிட்டா இருக்கோம்?"

காரணம் இருந்தது. எப்போதோ ஒரு கல்யாண வீடியோவில் பெண்ணின் பெரியப்பாவை ஏழே செகண்ட் வெட்டிவிட்டாராம். அந்தப் பெரியப்பா ஒரு வேன் ஆளோடு ஸ்டுடியோவுக்கு வந்து, "நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டாராம். அன்றைக்குக் கத்தரியை விட்டவர்தான். பிள்ளைகள் பழகிப் பார்க்க ஆட்டு மந்தை ரோட்டைக் கடப்பதை எடுத்து வந்தார்கள். கடைசி ஆடு கடக்கும்வரை வெட்ட விடவில்லை. "ஆட்டுக்காரர் பாத்தா, நம்ம ஆட்ட மட்டும் காணலியேன்னு மனசு சங்கடப்படுவாருல்லா?"

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பஸ் விவகாரம் வரும்வரை.

அப்போது எங்கள் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்காது. கிழக்குக் காட்டுப் பக்கமிருந்து வரும் இருபத்தாறு பிள்ளைகளும் கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோய் நடந்தே போவார்கள். அதில் எடிட்டிங் வகுப்புக்கு வரும் பேச்சி என்ற பிள்ளையின் அப்பா ஆடு மேய்க்கிறவர். "பொட்டப்பிள்ள வீடு வந்து சேர இருட்டிருது. அரைப் பரிச்சையோட நிறுத்திருதேன்" என்று சொல்லிவிட்டார். பெரிய டீச்சர் நாலு தடவை மனுக் கொடுத்தும் பலனில்லை. வீடியோவாகக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, மனு வாங்குகிற அதிகாரி, "மூணு நிமிஷம்னா பாக்கேன்" என்றார். திங்கட்கிழமை மனு நாள்.

பிள்ளைகள் ஒரு வாரம் ஓடி ஓடி எடுத்தார்கள். சனிக்கிழமை உட்கார்ந்து ஒட்டினார்கள். யாருடைய கை கத்தரிப் பக்கம் போனாலும் சார் மவுஸைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் பத்தொன்பது நிமிஷம். இருபத்தாறு முகமும் வரிசையாக வந்து கும்பிடுகிறது. நடுநடுவே ரோஜா.

பேச்சி எழுந்து நின்றாள். "சார், நீங்க பஸ்ஸ நிறுத்தப் போறீங்களா, எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு, "ஏட்டி, மவுச நீ பிடி" என்றார்.

படம் பார்க்க வந்திருந்த கிழக்குக் காட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் முன்னாலும் அவர் போய் நின்றார். "ஏலே, ஒன்ன எடுத்துருதேன். மனசுல வச்சிக்கிடாத." "வெட்டுங்க சார்." "ஒங்க அம்மா கேட்டா?" "நான் சொல்லிக்கிடுதேன் சார்." அதற்குப் பிறகுதான் பேச்சியைப் பார்த்துத் தலையாட்டுவார். அவள் கத்தரியை அழுத்துவாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் தோள் ஒரு தடவை குலுங்கும். இருபத்தைந்து பேரிடமும் அனுமதி வாங்கி முடித்தபோது மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: பஸ் நிற்காமல் போகிறது, பேச்சி நடக்கிறாள், பொழுது அடைகிறது.

"கடைசில ஒரே ஒரு ரோஜா வச்சிக்கிடட்டாட்டி?" என்று பேச்சியிடம் கெஞ்சினார்.

"வச்சித் தொலைங்க சார்."

திங்கட்கிழமை அதிகாரி மூன்று நிமிஷமும் பார்த்தாராம். ரோஜா விரிந்ததும் சிரித்துவிட்டாராம். சிரித்த முகம் மாறுவதற்குள் பெரிய டீச்சர் மனுவை நீட்டிவிட்டார்கள். மறுவாரம் பஸ் நின்றது. பேச்சி இப்போது பதினொன்றாவது படிக்கிறாள்.

சார் அத்தோடு விட்டாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் கிழக்குக் காட்டுக்குப் போனார். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி அப்பி, வீட்டுக்கு வீடு குச்சியால் தோண்டிவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினாராம். இருபத்தைந்து வீட்டிலும் ஏறி, "ஒங்க பிள்ளைய வெட்டும்படி ஆயிப்போச்சு, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்று சொல்லி, வெட்டிய துண்டை அவரவர் போனில் ஏற்றிக் கொடுத்தார். ஒன்றைக்கூட அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த மனிதரைக் கிண்டல் பண்ண எனக்கும் பாதி மனசுதான் வருகிறது.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த ஒரு நாள், நான் மட்டும் வாசலில் போய் நின்றேன். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன். பஸ் நின்றது.

"ஏறும்வே."

"இல்ல அண்ணாச்சி, நிக்குதான்னு சும்மா பாத்தேன்."

கண்டக்டர் திட்டியதை உங்களிடம் சொல்ல முடியாது. எல்லாம் பதிவாகியிருந்தது, பாதித் திரையில் என் பெருவிரலும் சேர்ந்து. ஒரு செகண்டுகூட வெட்டாமல் அப்படியே சாருக்கு அனுப்பினேன்.