மாங்காய் மண்டி காலேஜுக்கு மூன்று விரல்

சேசு மரி சூசை துணை

நல்லம்பள்ளி,
18-6-1971

பெருமதிப்பிற்குரிய மச்சான் அல்போன்ஸ் அவர்களின் சமுகத்துக்குத் தங்கை புருஷன் பெரியநாயகம் பணிவோடு எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை பாக்கியமேரியும் நலம். செவலை மாட்டுக்கு மட்டும் இரண்டு நாள் வயிறு ஊதியிருந்து சரியாயிற்று, அதன் காரணம் கீழே வருகிறது. மெட்ராஸில் அக்காவும் பிள்ளைகளும் தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. ஈஸ்டர் கழிந்த வாரம் தாங்கள் போட்ட கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மாங்காய் மண்டியில் படித்த பெண்ணை மெட்ராஸில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள், புஷ்பமேரியை உடனே நிறுத்து, பெரம்பூரில் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் சொல்லைத் தட்டலாமா? உள்ளதைச் சொன்னால் எனக்கே அந்தக் காலேஜை நினைத்தால் வெட்கம்தான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "உங்க பொண்ணு படிக்கிறது நாட்டு மாங்காயா, ஒட்டு மாங்காயா?" என்று கேட்காத ஆள் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் மண்டிக்காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போன கொட்டகைதானே அது? தகரக் கூரை, மழை பிடித்தால் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும், கணக்கு வகுப்புச் சுவரில் இன்னும் செந்தூரா, மல்கோவா என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கும், பிள்ளைகள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து பி.எஸ்ஸி. படித்தார்கள். ஆகவே டி.சி.யை வாங்கிக்கொண்டு, விடுதியில் இருக்கும் அவளுடைய டிரங்குப் பெட்டியையும் பாயையும் ஏற்றிவந்துவிடலாம் என்று மறுநாளே வண்டியைப் பூட்டினேன்.

நான் போன நேரம் பாருங்கள் மச்சான், அன்றைக்குத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து கமிட்டி வருகிற நாள். அது எனக்குத் தெரியாது. பி.எஸ்ஸி. வகுப்புக்குக் கொடுத்திருந்த தற்காலிக அனுமதி இந்த வருஷத்தோடு முடிகிறதாம், கமிட்டி நீட்டித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் நாற்பத்தாறு பிள்ளைகளும் முதல் வருஷத்தோடு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதானாம். வாசலில் தோரணம் கட்டியிருந்ததைப் பார்த்து யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு வண்டியைப் பின்பக்கம் ஓட்டிப்போய், நிழலாகப் பார்த்து மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு பிரின்சிபால் ராஜாமணி ஐயாவைத் தேடிப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி உயிர் போய்விட்டது. "இன்னைக்கிப் பார்த்து டி.சி. கேக்குறீங்களே, ஒரு தலை கொறஞ்சாலும் ஆபத்துங்க, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்று கெஞ்சி, என்னைப் பெற்றோர் என்று சொல்லி முன்வரிசை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். டி.சி. வாங்கப் போனவன் வரவேற்புக் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

கமிட்டி மூன்று பேர். தலைவர் கோட்டுப் போட்டு, ஆள் நல்ல வாட்டசாட்டம், எதைக் காட்டினாலும் தலையாட்டாமல் பார்த்தார். கட்டடம் போதாது, புத்தகம் போதாது, மைக்ராஸ்கோப் மூன்றுதானா என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், செடிகொடிப் பாடம் நடத்துகிற முனிராஜ் என்ற சின்ன வயசு வாத்தியார், வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை, நல்ல பையன், பிள்ளைகள் ஒரு வருஷமாகச் சேர்த்து உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த இலைகளைக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பூச்சி வரக்கூடாது என்று காலையில் வெயிலில் பரப்பியிருந்தார்களாம். அங்கே நம் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு நிற்கிறது. நூற்றிருபது இலையையும் தாளோடு தின்று முடித்துவிட்டது மச்சான். எருக்கிலையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வாயில் கடைசித் தாள் பாதி தொங்குகிறது, அதில் முனிராஜ் வாத்தியாருடைய கையெழுத்து இருக்கிறது. மாடு யாருடையது என்று தலைவர் கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். புஷ்பம் என்னைப் பார்த்தாள்.

அப்புறம்தான் நடந்தது விஷயம். முனிராஜ் வாத்தியார் கலங்கவில்லை. "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றார், ஒரு கை தட்டினார், அவ்வளவுதான். பிள்ளைகள் வேலி ஓரமாகச் சிதறி ஓடினார்கள், நல்லம்பள்ளி ரோட்டில் இத்தனை செடி இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். திரும்பி வந்து ஆளுக்கு ஒரு கொத்தோடு வரிசையில் நின்றார்கள். தலைவர் எதைத் தொட்டாலும் பேர், குடும்பம், பூவுக்கு எத்தனை இதழ், எந்த மாசம் பூக்கும் என்று சொல்கிறார்கள். ஆவாரையைத் தூக்கிப் புஷ்பத்திடம் காட்டினார். "காசியா ஆரிகுலேட்டா" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. தலைவர் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டார். புத்தகத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் அம்மா என்று கேட்டதற்கு, புத்தகம் ஒன்றுதான் சார் இருக்கிறது, நாற்பத்தாறு பேர், அதனால் சார் எங்களை வேலியிலேயே படிக்க வைத்துவிட்டார் என்றாள். மெட்ராஸில் நம் பிள்ளைகளுக்கு இலை தாளில் ஒட்டியிருந்தால்தான் தெரியும் என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. தாங்கள் வருத்தப்படக்கூடாது, அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

புஷ்பம் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க தெனமும் மிதிச்சிக்கிட்டுப் போற செடிங்கதாம்ப்பா இதெல்லாம். இன்னும் ரெண்டு வருஷம் வுட்டீங்கன்னா முச்சூடும் படிச்சிடுவேன். பொட்டிய ஏத்தாதீங்க" என்றாள். பதினெட்டு வயசுப் பெண் என்னிடம் அதுவரை ஒரு பாவாடை கூட வாய் திறந்து கேட்டதில்லை.

ஆனால் தலைவர் உள்ளே வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், இருந்தாலும் கட்டடம் இப்படி இருக்கிறதே, ஒரு வருஷத்துக்கு வேண்டுமானால் சிபாரிசு எழுதுகிறேன் என்றார். ஒரு வருஷம் என்றால் பாதிக் கிணறு தாண்டின கதைதானே? பிரின்சிபால் சரி சார், சரி சார் என்று கும்பிடுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த பேரம் ஒன்றுதான், மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துக் கணக்குச் சொல்கிற பேரம். எழுந்து போய்த் தோளிலிருந்த துண்டைத் தலைவர் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டு மூன்று விரலைப் பிடித்து அழுத்தினேன். வேண்டியது இரண்டு வருஷம், ஒன்று கூட்டிக் கேட்பதுதானே சந்தை மரியாதை? லஞ்சம் கொடுக்கிறேன் என்று நினைத்துப் பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு, நம்புங்கள் மச்சான், துண்டுக்குள் என் கையில் ஒரு விரலைப் பிடித்தார். நான் உதறிவிட்டு மறுபடி மூன்று. அவர் இரண்டு. சரி, இது போதும் என்று நான் கையை எடுக்கப் போக, அவர் விடாமல் இழுத்து மூன்று விரலை அழுத்திப் பிடித்தார்.

துண்டை எடுத்து மடித்து என் தோளிலேயே போட்டுவிட்டு, "எங்கப்பாரு அந்தியூர் சந்தையில தரகருங்க. துண்டுக்குள்ள கை வுட்டு நாப்பது வருஷமாச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷம் சட்டப்படி குடுக்கலாங்க. மூணாவது, வேலியில படிச்ச புள்ளைங்களுக்கு."

போன வாரம் ஆர்டர் வந்துவிட்டது. மூன்று வருஷம், கொட்டையெழுத்தில். வண்டி அன்றைக்கு வெறும் வண்டியாகத்தான் திரும்பியது. இப்போது நாட்டு மாங்காயா என்று கேட்டவர்களெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். கடத்தூரிலிருந்து வருகிறார்கள், சேலத்துக்குப் போன பிள்ளையைக் கூடத் திருப்பி அழைத்து வருகிறார்கள். பி.யூ.சி.யில் நூறு இடத்துக்கு நானூறு மனு. என்னைப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள், முதல் கூட்டத்திலேயே நான் எழுந்து, ஐம்பது மார்க்குக்குக் குறைந்தால் ராஜா வீட்டுப் பிள்ளையானாலும் இடம் கிடையாது, சிபாரிசு பேச்சே கூடாது என்று தீர்மானம் போட்டேன். கைதட்டலில் தகரம் அதிர்ந்தது. நாற்பது மார்க்குக்கெல்லாம் கோட்டுப் போட்டு அனுப்புகிற மெட்ராஸ் காலேஜ் இல்லை இது என்றும் ஒரு வார்த்தை சொன்னேன், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். பெரம்பூர் மாப்பிள்ளைக்கு என் வந்தனம் சொல்லி வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். புஷ்பம் எம்.எஸ்ஸி. முடிக்கும் வரை கல்யாணப் பேச்சு வேண்டாம்.

தாய்மாமனாகிய தங்கள் ஆசீர்வாதம் அவளுக்கு எப்போதும் வேண்டும். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். வருகிற ஞாயிறு பூசையில் தங்கள் குடும்ப நலனுக்காக வேண்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பெ. பெரியநாயகம்
தலைவர், பெற்றோர் சங்கம்

பி.கு. (27-6-71): இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒன்பது நாளாக ஊரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்றுப் பி.யூ.சி.யில் இடம் கிடைத்தவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். நம் சின்னவன் சவுரியப்பன் பேர் அதில் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறான். இது அவன் அம்மாவுக்குத் தெரியும், எனக்கு நேற்றுவரை தெரியாது. பட்டியலை எழுதியது புஷ்பம்தான், ஆபீசில் ஒத்தாசைக்கு இருக்கிறாள். ஒரு பேரை இடுக்கில் சேர்த்து எழுதக்கூடாதா என்று கேட்டேன். "ரூலு போட்டது நீங்கதானேப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாக்கியம் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆகவே மச்சான், தங்கள் மகன் படிக்கிற காலேஜில் சவுரியப்பனுக்கு எப்படியாவது ஒரு இடம் பார்த்துத் தரவும், அங்கே தங்களுக்கு ஹெட்கிளார்க்கைத் தெரியும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். புதன்கிழமை ரயிலுக்கு அனுப்பி வைக்கிறேன். மேலே மெட்ராஸ் காலேஜைப் பற்றி வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து மை போட்டு அடித்துவிட்டுப் படிக்கவும்.