திரும்பிப் பார்க்காத ரிலேக்கா

பின்னால் திரும்பிப் பார்க்காமல் கொதிக்கிற டீயை வாங்கத் தெரிந்த மனிதப் பிறவி, விருதுநகர் ஜில்லாவிலேயே ஒருவர்தான்: எங்கள் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி சூப்பர்வைசர் ரிலேக்கா. முன்னால் பார்த்தபடி நடப்பார். வலது கை மட்டும் பின்னால் நீளும். டீக்காரர் டம்ளரை வைப்பார். விரல் மூடும். சொட்டு சிந்தாது.

ஒரு காலத்தில் மாநிலத்துக்காக 'ரிலே' என்கிற தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடித் தங்கம் வாங்கியவர். பெரிய மனிதர்கள் மேடையில் ஒரு சால்வையும், 'அரசு வேலை நிச்சயம்' என்று ஒரு வாக்கும் கொடுத்தார்கள். சால்வை நைந்துவிட்டது. வாக்கு இன்னும் புத்தம் புதுசு. யாரும் பிரிக்கவே இல்லையே.

தினமும் வேலைக்கு முன்னால் விசில் ஊதி எங்களை ஓடவிடுவார். பட்டாசுக் குழாய் சுற்றுகிற கட்டைதான் கைமாற்றுகிற கோல். பின்னால் வருபவர் கொடுப்பதை, முன்னால் ஓடுபவர் திரும்பாமல் வாங்க வேண்டும்.

"புகை வந்தா வெறுங்கையா ஓடணும். டிபன் வாளிய எடுக்கத் திரும்புறவதான் மாட்டுவா. திரும்பாமப் பழகுங்கடி!"

ஐம்பது வயதுக்காரிகள் எல்லாம் பறந்தார்கள். டெஸ்பாட்ச் கிளார்க்கான நான் மட்டும் கட்டையைத் தவறவிட்டேன்.

"ஏலே, வாங்குறவ கை மூடுற வரைக்கும் விடாதலே! தொப்பைய விடாம வச்சிருக்கேல்ல, கட்டையவும் அப்படிப் புடி!"

சீசன் நெருங்கியதும் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "லோடு நிக்குது. இங்கன என்ன ஒலிம்பிக்கா நடத்துறீக?"

"லோடு நாளைக்குப் போகும் மொதலாளி. இவுக இன்னைக்கு வீட்டுக்குப் போகணும்ல?"

அந்த வாரமே திரி அறையில் புகை. ஆர்டர் சரிபார்க்க நானும் உள்ளே இருந்தேன். அக்காவின் விசில் கேட்டதும் அங்கே வேலை செய்த நாலு பெண்களும் நாலு வாசல் வழியே வெறுங்கையோடு பறந்தார்கள். எனக்கோ விசில் கேட்டால் கையில் கட்டை வேண்டும். மேசையில் நீளமாகக் கிடந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். எடுத்தது திரிக்கட்டு. சுற்றிய தாளின் ஓரத்தில் கங்கு. ஓடியதோ, அத்தனை பேரும் கூடி நின்ற வேப்பமரத்துக்கு!

"அண்ணாச்சி, கையில திரி! தூரப் போடுங்க!" என்று மரத்தடிப் பெண்கள் அலறினார்கள்.

போடுவேனா? கை மூடுகிற வரைக்கும் விடக்கூடாதே! இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அக்கா எதிரே பாய்ந்து வந்தார். என்னைப் பார்த்தார், சட்டென்று திரும்பினார், எனக்கு முன்னால் ஓடியபடி கையைப் பின்னால் நீட்டினார். "குடுலே!"

வைத்தேன். விரல் மூடியது. விட்டேன். வாழ்நாளில் நான் ஒழுங்காகக் கொடுத்த ஒரே கோல் அதுதான். தண்ணீர்த் தொட்டிக்குள் அது விழுந்து புஸ்ஸென்றபோது நான் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் திரி அறையின் கூரை போனது. ஓர் உயிரும் போகவில்லை.

இப்போது பக்கத்து நாரணாபுரத்துக் கம்பெனிகளிலும் காலையில் ஓடுகிறார்கள். முதலாளி, எல்லாம் தன் ஏற்பாடு என்று சொல்லிக்கொள்கிறார்.

தீப்பிடித்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தலை குனிந்து நின்றேன். அந்தக் கையாலேயே நங்கென்று ஒரு குட்டு வைத்து, "ஆ" என்று அவரே கத்தினார்.

"சாப்பிட்டியாலே?"