கோர்ன்வால் போன மடிப்புவீடு

லண்டனில் ஒரு குடும்பம் மானத்தோடு வாழ வேலை, வீடு, பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் ஆகியவை போதும் என்று தில்லையம்பலம் நம்பியிருந்தார். இந்தக் கோடையோடு அந்த நம்பிக்கை காலாவதியானது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மச்சாள் தர்மிகா, கூடார வாசலில் நிற்கும் படத்தை "கோர்ன்வாலில் நாங்கள்" என்று வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். கோர்ன்வால் இங்கிலாந்தின் பேர்போன கடற்கரை.

"இத்தினை வருசத்தில நான் ஒரு கடலைக் கண்டனா?" என்றாள் மனைவி சிவகௌரி. கேள்வியில் பாதி கடலைப் பற்றியது, பாதி தர்மிகாவைப் பற்றியது. இரண்டு பாதியும் அவரைச் சுட்டன.

அடுத்த கிழமையே மடிப்புவீடு வாங்கினார். சின்னக் காரும் இழுக்கக்கூடிய இலேசான பெட்டி. மூடியைத் தூக்கினால் கூடாரமாக எழும்பும். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. இழுக்கிற காரின் இலக்கத்தையே பெட்டியின் பின்னாலும் போடவேண்டும் என்பது நாட்டுச் சட்டம், போட்டார்.

வந்தான் ஜெனோசன். கவுன்சிலில் வாகனத் தரிப்பிட ஒழுங்கமைப்பு உதவி அலுவலர்.

"அங்கிள், ஒரே நம்பரில ரெண்டு வண்டி நிக்குது. தெருவில நிப்பாட்டுற பெர்மிட் ஒண்டுதான்."

"தம்பி, சட்டம்தான் அப்பிடிப் போடச் சொல்லுது."

"அது அரசாங்கம். இது கவுன்சில். கழட்டி வைச்சால் ரெண்டு வண்டி, மோசடி. கொளுவி வைச்சால் ஒரு வண்டி."

"அப்ப கழட்டவே கூடாதோ?"

"கழட்டாட்டி ஒரு பிரச்சினையும் இல்லை."

தில்லையம்பலம் சட்டத்துக்குப் பயந்தவர். மடிப்புவீட்டை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போனார், மரக்கறி வாங்கப் போனார், செத்தவீட்டுக்கும் போனார். அங்கே நாலு பேர் பிரேதத்தை விட்டுவிட்டு வந்து விலை விசாரித்தார்கள்.

லீவு தொடங்கும் நாளில் ஜெனோசன் மறுபடி வந்தான்.

"கொளுவினால் நீளம் கூடுது அங்கிள். நீள வாகனப் பெர்மிட் எடுக்கோணும். கவுன்சில் கார் பார்க்கில விரிச்சு வைச்சால் இன்ஸ்பெக்டர் வந்து அளப்பார்."

"ரோட்டில மடிச்சுத்தானே போகும்?"

"மடிச்சால் உண்மையான அளவு தெரியாதே."

"எப்ப வருவார்?"

"அவர் லீவில நிக்கிறார். கோர்ன்வால். அதுவரைக்கும் மடிக்காதீங்க, வரிசை போயிடும்."

லீவு முழுக்கக் கார் பார்க்கில் கழிந்தது. சுற்றிவர, அதே இன்ஸ்பெக்டருக்குக் காத்திருந்த வேறு குடும்பங்களின் கூடாரங்கள். சிவகௌரி இடியப்பம் அவித்தாள், துணி காயப்போட்டாள், கடைசி நாள் அழுதாள்.

"நாளைக்கு உங்களுக்கு வேலை. கடல் முடிஞ்சுது."

அவருக்கு வெட்கமாக இருந்தது. சமாதானமாக, ஒரு படமாவது எடுப்போம் என்றார். போனைத் தூக்கியபோது கூடாரத்துக்குப் பின்னால் மூடி உடைந்த குப்பைத்தொட்டி ஒன்று தெரிந்தது. அதை எங்கேயோ பார்த்திருக்கிறார். தர்மிகாவின் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினார். அவள் தோளுக்குப் பின்னால் அதே தொட்டி, அதே உடைந்த மூடி.

சிவகௌரியும் பார்த்தாள். குழுவில் போட்டுத் தர்மிகாவின் மானத்தை வாங்கப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவளோ கண்ணைத் துடைத்து, தலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"தொட்டியை மறைச்சு எடுங்கோ."

"கோர்ன்வாலில் நாங்கள்" என்று படம் போனது. முதல் பதில் தர்மிகாவிடமிருந்து வந்தது: "கடல் நல்ல வடிவா இருக்கு, மச்சாள்."

படத்தில் கூடாரத்துணிதான் இருந்தது. தில்லையம்பலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் யாரோ செருமினார்கள். மனைவியோடு ஜெனோசன் நின்றான். அவன் காருக்குப் பின்னால் புது மடிப்புவீடு ஒன்று கொளுவியிருந்தது.

"அங்கிள், அந்த மூலையைக் கொஞ்சம் விடுறீங்களா? நாங்களும் கோர்ன்வால் போகோணும்."