கரிகாலனும் நர்ஸ் பாக்கியமும்

கல்யாணத்துக்கு அஞ்சிய ஆண்களுக்கென்று ஒரு ராஜ்யம் அமைந்தால், அதன் சிம்மாசனத்தில் போட்டியின்றி உட்கார வேண்டியவர் கரிகாலன். சோழ மன்னரைச் சொல்லவில்லை. யுத்த காலத்தில் மதுரைக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் இடையே பஸ் ஓட்டியவரைச் சொல்கிறேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய நாட்கள் அவை. அடுப்பை மூட்டி, காற்றாடியைச் சுற்றி, எஞ்சினை எழுப்புவதற்குள் மனிதர் முழங்கால்வரை கறுத்துவிடுவார். அதனால்தான் கரிகாலன். பெற்றவர்கள் வைத்த பெயர் பயணிகளான எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இளவயதில், நிச்சயதார்த்தத்தன்று காலையில் வீட்டைவிட்டு ஓடி, கண்ணில் பட்ட லாரியில் ஏறிக்கொண்டாராம். டிரைவர் தொழில் கற்றது அப்படித்தான். கல்யாண கோஷ்டியை ஏற்றினால் பந்தலுக்கு ஒரு கூப்பிடு தூரத்திலேயே வண்டி நின்றுவிடும். "இதுக்கு மேல வராது. எஞ்சினுக்கும் ரோசம் இருக்குல்ல!" என்பார். சொந்தத் தம்பியின் முகூர்த்தத்தைக்கூட டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி தெருவிலிருந்தே பார்த்தவர்.

நான் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் கரிகாலன் பஸ்தான். டிரைவருக்கு நேர் பின்னாலிருந்த இடம் நர்ஸ் பாக்கியத்துடையது. கல்லுப்பட்டியில் பிரசவம் பார்க்கிறவர். வழியிலுள்ள கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியோடு போய்வருவார். நாற்பதை நெருங்கிய விதவை. வெள்ளைச் சேலை, வெடுக்கென்ற பேச்சு.

"யோவ், இந்த வேகத்துல போனா, நான் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ள பெறந்து பள்ளிக்கூடம் போயிரும்யா!"

"எறங்கித் தள்ளு. வெரசாப் போகும்."

தள்ளவும் செய்வார். மேடு வந்தால் ஆண்களோடு ஆணாகத் தோள்கொடுத்துவிட்டு, சேலையில் கரியோடு ஏறி உட்கார்ந்து மறுபடி வைவார். அடுப்பு சூடேறும்வரை இருவரும் புளியமரத்தடியில் ஆடுபுலி ஆடுவார்கள். பாக்கியம்தான் எப்போதும் புலி. ஒரு நாள் அந்த அம்மாள் வராவிட்டால் கரிகாலன் வண்டியை எடுக்க மனமில்லாமல் அடுப்பைக் கிளறிக்கொண்டே நிற்பார்.

ஒரு ஐப்பசியில் திருமங்கலத்தைத் தாண்டிய ஓடையில் வெள்ளம் புரண்டது. கரி நனைந்து வண்டி நின்றுபோனது. நாங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டோம். பஸ்ஸை விட்டு வர கரிகாலன் மறுத்தார். மருந்துப் பெட்டியை நனைக்க பாக்கியம் மறுத்தார். விடியும்வரை மழை விடவேயில்லை.

சில வாரம் கழித்து, ரகசியத்தைத் தாங்க முடியாமல் கரிகாலனே என்னிடம் சொன்னார்.

"தம்பி, அவளே சொல்லிட்டா. தாலி கீலின்னு பேசக் கூடாது, ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்கக் கூடாது, எப்பயும் போல சினேகிதமாவே இருந்துக்கிருவோம்னு. எனக்கு அம்புட்டு நிம்மதி!"

நிம்மதியடைந்தவரின் முகம் அல்ல அது. மனிதர் சோப்புப் போட்டுக் கால் கழுவ ஆரம்பித்தார். சீப்பு வாங்கினார். பாக்கியம் பஸ்ஸில் யாரோடாவது சிரித்துப் பேசினால் வண்டி குலுங்கும். கேள்வி கேட்கக் கூடாதென்பது ஒப்பந்தம். அதனால் கேள்வியெல்லாம் என்னிடம் வரும். "அந்தக் கம்பவுண்டர் எதுக்கு அம்புட்டுப் பல்லையும் காட்டுறான், தம்பி?"

ஊர் பேசத் தொடங்கியது. பேச்சு மேலிடம்வரை போய், பாக்கியத்துக்கு ஒத்தக்கடைக்கு மாற்றல் வந்தது. டிரங்குப் பெட்டியோடு அவர் ஒரு காலையில் பஸ் ஏறினார். திருப்பரங்குன்றம் தாண்டியதும் கரிகாலன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார். எழுந்து பின்பக்கம் திரும்பினார். மேல்துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"பாக்கியம், நாம கல்யாணம் பண்ணிக்கிருவோம்."

பாக்கியம் மருந்துப் பெட்டியை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒருவாட்டி கட்டுன தாலிய ஊரே சுத்தி நின்னு கழட்டுனாகய்யா. இன்னொன்னக் கட்டிக்கிட்டு, இது எப்பப் போகுமோன்னு தெனம் பயந்துக்கிட்டுக் கெடக்க எனக்குத் தெம்பு இல்ல. வண்டிய எடு."

யாரும் சிரிக்கவில்லை. கரிகாலன் வண்டியை எடுத்தார். மதுரைவரை அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு போனோம்.

அடுத்த மாதமே அவர் எங்களை விட்டுவிட்டு மேலூர் ரோட்டு பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். ஒத்தக்கடை வழியாகப் போகிற பஸ். புதிதாக வந்த டிரைவர் நல்லவர்தான். பந்தல் வாசலிலேயே இறக்கிவிட்டார். எங்களுக்குத்தான் ருசிக்கவில்லை.

பிறகொரு நாள் பாக்கியத்துக்கு டைபாய்டு, பிழைப்பது சந்தேகம் என்று சேதி வந்தது. மனசு கேட்காமல் ஒத்தக்கடைக்குப் போனேன். வாசலில் வீட்டுக்கார அம்மாள் மறித்துக்கொண்டு குறைப்பட்டாள். "ஒரு ஆளு வேலைக்கும் போகாம ராப்பகலாக் கூடவே கெடக்காரு. நர்சம்மாவுக்கு நீங்க என்ன முறைன்னு கேட்டா, டிரைவருங்கிறாரு. நோயாளிக்கு எதுக்குங்க டிரைவரு?"

நான் போனபோது கண்டம் தாண்டியிருந்தது. பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமுடி கொட்டி, பாதி ஆளாகியிருந்தார். அடுக்களையில் யாரோ இருமிக்கொண்டே அடுப்பு ஊதுகிற சத்தம்.

"உக்காருங்க தம்பி. அவுக கஞ்சி வச்சுக்கிட்டு இருக்காக. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

பஸ் முழுக்கக் கேட்கும்படி 'யோவ்' என்று அதட்டிய வாய். உள்ளே அடுப்பு ஊதும் சத்தம் நின்றது. பிறகு கஞ்சி வந்தது. உப்பில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

கரிகாலன் என்னை ஏற்றிவிட மேலூர் ரோடுவரை வந்தார். தூக்கமில்லாத கண்கள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உள்ள அவ என்னைய என்னமோ சொன்னாளே. உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுண்ணே."

"என்னன்னு?"

"அவுக-ன்னு சொன்னாக. கட்டுனவரச் சொல்றாப்புல."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"பஸ் வர நேரங் கெடக்கு. இன்னொருவாட்டி சொல்லுங்க."

சொன்னேன். பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.