பரளச்சியில் விளைந்த கட்டிகள்

தொண்ணூற்று இரண்டில் மழை பொய்த்துப் பருத்தி கருகியது. பரளச்சியில் அமோகமாக விளைந்தது ஒன்றே ஒன்றுதான்: வயிற்றுக் கட்டி. சண்முகவேல் சாமி நோயாளியின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். கட்டி வாய்க்கு வந்துவிடும். வாழையிலையில் துப்பிக் காட்டுவார். கத்தி இல்லை, தையல் இல்லை. தோலில் ஒரு ஓட்டைகூட இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் அங்கே ஒற்றுமையாக ஏமாந்தார்கள்.

அருப்புக்கோட்டை தாவீதுராஜும் மனைவி ரெஜினாவை அங்கே கூட்டி வந்தான். மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "பித்தப்பைக்குள்ள ஒரு சதை வளருது. கல்லு இல்ல, இது அபூர்வம். விட்டா புத்துநோயா மாறலாம். பையோட எடுத்திருவோம்." ரெஜினா தயார். தாவீதுராஜுக்குத்தான் கத்தி என்றாலே உதறல். படுக்கப் போவது அவனல்ல என்பது வேறு விஷயம்!

சொல்லிப் பார்த்தும் தம்பி கேட்காததால், அவன் அக்கா இன்பராணியும் கூடவே வந்திருந்தாள். "மொதல்ல எனக்குப் பாருங்க சாமி" என்று பாயில் படுத்துக்கொண்டாள்.

சாமி அவள் வயிற்றைத் தடவினார். "பித்தப்பைல கட்டி" என்று குதப்பினார். அருள்வாக்கு எப்போதும் அப்படித்தான் வருமாம். உறிஞ்சினார், துப்பினார். இலையில் கருஞ்சிவப்பாய் ஒரு துண்டு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இன்பராணி எழுந்து உட்கார்ந்தாள். "எம் பித்தப்பையவே போன வருசம் கல்லுக்காக எடுத்துட்டாக சாமி. இல்லாத பையில கட்டி எப்பிடி வந்துச்சு?" விலாவுக்குக் கீழே இருந்த தழும்பைப் பக்கத்துப் பெண்களுக்குக் காட்டினாள்.

"அது... பையோட ஆவி" என்றார் சாமி. பைக்கும் ஆவி உண்டு என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது.

தாவீதுராஜ் விடவில்லை. "ஒனக்குத் தப்பிப்போச்சு, சரிக்கா. இவளுக்கு நெசமாவே கட்டி இருக்குல்ல? எடுக்கட்டும்."

"எடுக்கட்டும்லே. வாயக் கொப்புளிச்சிட்டு எடுக்கட்டும்."

ரெஜினாவே செம்புத் தண்ணீரை நீட்டினாள். "நான் பொழைக்கணும் சாமி. கொப்புளிங்க."

சாமி செம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வாயில் அடக்கி வைத்திருந்ததை மடக்கென்று விழுங்கினார். வரிசையில் காத்திருந்த அத்தனை பேர் நோயும் ஒரே மடக்கில் அவர் வயிற்றுக்குள் போயிற்று! ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கி, இருமிய இருமலில் பாயில் வந்து விழுந்தது.

வரிசையில் நின்ற சோலையம்மாள் குனிந்து பார்த்தாள். "அடப் பாவி, கோழி ஈரலுல்ல இது!"

தாவீதுராஜ் தலையைத் தொங்கப்போட்டான். ரெஜினா அவனிடம் கேட்டாள்: "மதுர பஸ்ஸுக்கு வாரீகளா, இல்ல மதினியோட நான் போகட்டுமா?"

போனார்கள். பித்தப்பையை எடுத்துச் சோதித்த டாக்டர், "மாற ஆரம்பிச்சிருக்கு. இன்னும் புத்துநோய் ஆகல. நல்ல வேள, தள்ளிப்போடல" என்றார். தாவீதுராஜ் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதான்.

அன்று பாயில் விழுந்த ஈரலை ஒரு பூனை தூக்கிக்கொண்டு போனது. அதுகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தது. கும்பிட்டு நின்ற ஆறறிவுக்காரர்களே, நீங்கள்?