கிளி கேட்ட மாப்பிள்ளை

வரதட்சணை கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான், பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேட்டுவிட்டேன். கேட்டது கிளி.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தேன். (பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். நாலு மிஷின், ஒரு ஃபேன். நிமிர்ந்து நின்றால் தலை ஃபேனில் இடிக்கும்.) அதற்குள் ஏழு வீடுகளில் பஜ்ஜி தின்று முடித்திருந்தேன். ஏழும் தட்டிப்போனதில் அம்மா நொந்துபோயிருந்தாள். செம்பூருக்குப் போகும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

"எல, இதுதான் கடைசி. நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிடுதேன்."

பெண்ணின் அப்பாவும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். செம்பூரில் பாத்திரக்கடை. எங்களை சோபாவில் உட்கார வைத்தார். அம்மா எடுத்த எடுப்பிலேயே, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளைய கட்டுன சேலையோட அனுப்புங்க, போதும்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

அப்போதுதான் அது வந்தது. சாம்பல் உடம்பு, சிவப்பு வால். வெளிநாட்டுக் கிளி. ("பேப்பர்லாம் பக்காவா இருக்கு" என்றார் அவர், நான் கேட்காமலே.) ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி, கட்டட சைட்டைப் பார்க்க வந்த மேஸ்திரி மாதிரி நடந்து வந்து, என் பேன்ட்டைப் பிடித்து ஏறித் தோளில் உட்கார்ந்துகொண்டது. காதை வலிக்காமல் கடித்தது. பிறகு ரயிலில் அடுத்த ஸ்டேஷனை இந்தியில் அறிவிக்கும் பெண்ணின் குரலில், "அக்லா ஸ்டேஷன், செம்பூர்" என்றது.

நான் விழுந்துவிட்டேன். ஏழு வீடுகளிலும் என்னைப் பார்த்ததும் உள்ளே போனவர்கள்தான் அதிகம். என்னைப் பார்த்துத் தானாக வந்த முதல் உயிர் இதுதான். இது பட்டறையில் என் தோளில் உட்கார்ந்து, சரக்கு தாமதமாக அனுப்பும் தோல் வியாபாரியை மிரட்டுவதாகக் கனவு ஓட ஆரம்பித்தது.

"மாமா" என்றேன். அம்மா என் காலை மிதித்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. "இந்தக் கிளிய மட்டும் குடுங்க. என்ன விலைன்னாலும் குடுத்திருதேன்."

அவருடைய மலர்ந்த முகம் சுருங்கியது. விலைக்குத்தானே கேட்டோம், அதில் என்ன தப்பு என்றுதான் என் மரமண்டைக்குத் தோன்றியது. பெண் வீட்டில் எந்தப் பொருளை மாப்பிள்ளை கைகாட்டினாலும் அதைச் சும்மா கொடுத்தாக வேண்டும் என்பது உறைக்கவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட காசு வாங்குனா சொந்தபந்தம் என்னைய காறித் துப்பிராதா?" என்று எழுந்தார் அவர். "கூண்டோடயே கொண்டு போங்க." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஒண்ணும் வேண்டாம்னு சொன்னியளே தங்கச்சி?" என்றார்.

அம்மா மறுபடியும் என் காலை மிதித்தாள். இந்தத் தடவை வலித்தது.

உள்ளேயிருந்து டீத் தட்டோடு பெண் வந்தாள். பெயர் கஸ்தூரி. தட்டை டொக்கென்று வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அந்தத் துரோகிக் கிளி என் தோளிலிருந்து ஒரே தாவலில் அவள் மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

"இது நான் வளத்தது. எங்கயும் வராது" என்றாள், என்னை நேராகப் பார்த்து. "நீங்க யாரப் பாக்க வந்தீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க."

அந்த நிமிஷமே கிளி எனக்கு மறந்துபோனது. அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. பிடித்த நேரத்தில் நானே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"தப்புத்தான். கிளி வேண்டாம். நீங்க..." எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்லா ஸ்டேஷன், செம்பூர்" என்று அறிவித்தது கிளி.

முதலில் சிரித்தது கஸ்தூரிதான். அவள் அப்பா மறுபடி உட்கார்ந்தார். கிளி பிறந்த வீட்டிலேயே இருக்கும் என்ற ஒரே நிபந்தனையோடு சம்பந்தம் முடிந்தது.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் அவள் கிளிக்குப் பாடம் எடுத்திருக்கிறாள் என்பது மறுவீட்டு விருந்தில்தான் தெரிந்தது. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். அம்மா பெருமையாக, "நாங்க ஒரு குண்டூசி கேக்கலியே" என்று ஆரம்பித்தாள்.

ஜன்னல் கம்பியிலிருந்து என் குரல் கேட்டது.

"மாமா, இந்தக் கிளிய மட்டும் குடுங்க!"

ஒன்பது வருஷம் ஆகிறது. சம்பந்தி வீட்டில் வரதட்சணைப் பேச்சு வந்தால், கிளி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அம்மா இன்றைக்கும் வாயைத் திறக்கிறாள்.